மையைப் பற்றிய ஒரு வரி

கலீல் ரஹ்மானின் சூளைச் சுவரில் ஒட்டியிருந்த தாளில் எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. பிற்பாடு அதை மூலத்தோடு வைத்து ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் எல்லாரும் அதைத்தான் முதலில் சொன்னார்கள். விடுபட்டிருந்தது ஒரே ஒரு வரி. அதுவும் சூளையைப் பற்றிய வரி அல்ல. மையைப் பற்றிய வரி.

எழுபத்து நாலாம் வருஷம். விருத்தாசலத்தில் பீங்கான் சூளைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. பொம்மை, ஊறுகாய் ஜாடி, வீட்டு மின்சாரப் பெட்டியில் மாட்டுகிற வெள்ளை ஃபியூஸ் கட்டை. மங்கலம்பேட்டையில் ஜவுளிக்கடை வைத்திருந்த கலீல் ரஹ்மான், துணியைவிட ஃபியூஸ் கட்டைக்கு எதிர்காலம் இருக்கிறது என்று கணக்குப் போட்டு, விருத்தாசலத்தின் ஊர்க்கோடியில் ஒரு எண்ணெய்ச் சூளை போட்டார். உயரத்தில் ஒரு தொட்டி. அதிலிருந்து கறுப்பு எண்ணெய் குழாய் வழியாக இறங்கும். மின்விசிறி ஒன்று காற்றை ஊதும். இரண்டும் சேர்ந்து உள்ளே தீயாகப் பாயும். கரண்டு போனால் விசிறி நிற்கும், தீ அணையும். அந்த வருஷம் கரண்டு போகாத நாள் இல்லை.

சூளையைக் கட்டிக் கொடுத்தவர் தங்கதுரை என்ற மிஸ்திரி. பல ஊர்ச் சூளைகளில் வெந்த மனிதர். வடக்கே வேறு வேலைக்குப் போவதற்கு முன் சூளையை ஓட்டும் முறையெல்லாம் நாலு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும். எப்படிச் செய்ய வேண்டும் என்பதை நீல மையில் எழுதினார். மற்ற சூளைகளில் எதைச் செய்ததால் ஆள் போனது, சுவர் போனது என்பதை அதனதன் கீழேயே சிவப்பு மையில் எழுதினார். இரண்டையும் ஒரே பாணியில்தான் எழுதினார்: அடைத்தல், திறத்தல், காத்திருத்தல், நீட்டுதல். செய், செய்யாதே என்ற பேச்சே இல்லை. அதைச் சொல்லும் வேலையை மையிடம் விட்டிருந்தார். முதல் தாளின் தலையில் மட்டும் ஒரு வரி: 'நீலம் நடக்க வேண்டியது. சிவப்பு நடக்கக் கூடாதது.'

சூளைக்கு முதலில் தீக்காரராக இருந்தவர் சாமிதுரை. அவருக்கு எழுத்து தெரியாது. தங்கதுரை கூடவே நின்று பழகியவர். தீ அணைந்தால் எண்ணெயை அடைத்துவிட்டு, புகைபோக்கியின் கதவை இழுத்துத் திறந்துவிட்டு, தூரப்போய்க் குந்தி ஒரு பீடி பற்றவைப்பார். பீடி முடிகிற வரைக்கும் சூளைப் பக்கம் திரும்ப மாட்டார். கலீல் ரஹ்மானுக்கு அதைப் பார்த்தால் வயிறு எரியும்.

"என்னா சாமிதுரை, கரண்டு வந்து எவ்ளோ நேரமாவுது. சூடு எறங்குது பாரு. நீ இன்னும் மாப்பிள மாதிரி குந்திகினு இருக்கிற."

"இருங்க பாய். அது மூச்சு உட்டுக்கட்டும்."

"அது மூச்சு உடுதோ இல்லையோ, நீ நல்லா இழுத்து உடுற."

எண்ணெய் விலை ஏறிக்கொண்டே போன காலம். பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு சாமிதுரை ஒரு நாள் சொல்லாமல் போய்விட்டார். கலீல் ரஹ்மான் வருத்தப்படவில்லை. இனி எவன் பழக்கத்தையும் நம்பி இருக்க வேண்டாம், எழுதியிருப்பதை எல்லாருக்கும் பிரதி எடுத்துக் கொடுத்துவிடலாம், படித்த ஆளாகப் பார்த்து வேலைக்கு வைக்கலாம் என்று முடிவு செய்தார். தங்கதுரையின் நாலு தாளும் கடைவீதியில் இருந்த ஜெயராஜின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்கு வந்தன.

ஜெயராஜிடம் வேலை பார்த்த தட்டச்சுக்காரி ஜெயமேரி. கல்யாணமாகி இரண்டு வருஷம். தமிழ் மிஷினில் அவளைப்போல வேகமாக அடிக்கிறவர்கள் அந்தத் தாலுக்காவில் குறைவு. அவளுக்கு ஜெயராஜ் போட்டிருந்த சட்டம் ஒன்றே ஒன்று. முதலில் மேட்டர், அலங்காரம் அப்புறம். தலைப்பு எங்கே வரும், எதற்கு அடிக்கோடு, எதற்கு இடம் விடுவது என்று யோசித்துக்கொண்டே அடித்தால் மேட்டரில் தப்பு வரும். அர்த்தம் பார்த்து அடித்தாலும் தப்பு வரும்.

"சோறு வேற, எலை வேற. சோத்தை ஆக்கி எறக்கு மொதல்ல. எலைய அப்புறம் கழுவிக்கலாம்" என்பார்.

"எலை இல்லாம சோத்த எங்க சார் போடுறது?" என்று பக்கத்து மிஷினில் பழகும் கனகா கேட்பாள்.

"உனக்கு ரெண்டுமே கெடையாது. போய் உன் 'யளனகபக'வ அடி."

கலீல் ரஹ்மான் ஐம்பது பிரதி கேட்டார். ஐம்பது பிரதி என்றால் சைக்ளோஸ்டைல். மெழுகுத் தாளில் எழுத்தை வெட்டி, உருளையில் மாட்டி, மை தடவிச் சுற்ற வேண்டும். ரிப்பனே வேண்டாம். வருவது ஒரே கறுப்பு. ஜெயமேரி வழக்கம்போல மேட்டரை மட்டும் அடித்து முடித்தாள். பிறகு அலங்காரத்துக்கு வந்தாள். சிவப்பு வரிகளுக்கு என்ன செய்வது என்று ஜெயராஜிடம் கேட்டாள்.

"சிவப்புக்கு இதுல ஏதும்மா வழி?"

"அடிக்கோடு போடலாமா சார்?"

"மெழுகுத்தாள்ல கோடு போட்டா அந்த எடமே கிழிஞ்சி தொங்கும். பத்துக் காப்பி வராது."

"இங்கிலீஷ்னா பெரிய எழுத்துல போட்ருவாங்க."

"தமிழ்ல எல்லா எழுத்தும் பெரிய எழுத்துதான். உடும்மா. மேட்டரு முழுசா இருக்குதா, இல்லியா?"

முழுசாக இருந்தது. நீல வரியின் கீழே அதன் சிவப்பு வரி, ஒன்றும் விடாமல், ஒரே இடைவெளியில். பிறகு அவள் முதல் தாளின் தலையில் இருந்த வரியைப் பார்த்தாள். நீலமும் சிவப்பும் இல்லாத தாளில் நீலம், சிவப்பு என்று எழுதியிருந்தால் படிப்பவன் சிரிப்பான். அது மேட்டர் அல்ல, அலங்காரத்தைப் பற்றிய பேச்சு. அதை விட்டுவிட்டாள்.

ஐம்பது பிரதியும் சுத்தமாக வந்தன. தங்கதுரையின் கையெழுத்தை ஒரு தடவைகூடப் படித்துப் பார்த்திராத கலீல் ரஹ்மான் ஒன்றை விரித்துப் பிடித்து, தலையை ஆட்டி ஆட்டிப் படித்தார். அவர் கண் ஓரிடத்தில் நின்றது. தீ அணைந்தால் செய்வது பற்றிய பகுதி. எண்ணெயை அடைத்தல், புகைக்கதவைத் திறத்தல், புகை முழுதும் வெளியேறும்வரை காத்திருத்தல். அதற்குக் கீழே: 'நேரம் இல்லையென்றால், சூடு குறையாமல் புகைக்கதவை மூடிவைத்து, கரண்டு வந்ததும் எண்ணெயைத் திறந்து பந்தம் நீட்டுதல்.'

"பாத்தியா, பாத்தியா" என்றார். "தங்கதுரையே எழுதி வெச்சிருக்கான். அந்தப் பீடிப்பய என்னை ரெண்டு வருசம் ஏமாத்தியிருக்கான்."

படித்த தீக்காரன் ஒருவன் வேண்டும் என்று அவர் சொன்னபோது, தன் புருஷன் ஞானதாஸ் எட்டாம் வகுப்புவரை படித்தவன் என்று சொன்னவள் ஜெயமேரிதான். அவன் அதுவரை ரயிலடியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். அடுத்த வாரமே சூளையில் சேர்ந்தான்.

ஞானதாஸுக்கு அந்தத் தாள் பிடித்துப்போனது. தன் வாழ்க்கையில் ஒருவர் எழுதி வைத்து, இதன்படி செய் என்று அவனிடம் கொடுத்த முதல் வேலை அது. மனைவி அடித்தது என்பதில் ஒரு தனிப் பெருமை வேறு. பிரதி ஒன்றை வீட்டிலும் வைத்துக்கொண்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் ஜெபம் சொல்கிறவன்போல மனப்பாடம் செய்தான்.

"ஏசுவே, இந்த மனுசன் கோயில்ல மந்திரம் சொல்லச் சொன்னா வாயத் தொறக்க மாட்டாரு" என்பாள் ஜெயமேரி.

"சாமி மன்னிக்கும். பாய் மன்னிக்க மாட்டாரு."

முதல் மாதத்தில் மூன்று தடவை கரண்டு போனது. மூன்று தடவையும் சூளை செக்கச்செவேல் என்று பழுத்திருந்த நேரம். கரண்டு வந்ததும் புகைக்கதவைத் திறக்காமல் எண்ணெயைத் திறந்து பந்தத்தை நீட்டினான். நீட்டுவதற்குள் உள்சூட்டிலேயே எண்ணெய் தானாகப் பற்றிக்கொண்டது. சூடு இறங்கவே இல்லை. கலீல் ரஹ்மான் அவன் தோளில் தட்டினார். பக்கத்துச் சூளைக்காரர்களுக்கும் பிரதி கொடுப்பதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மூன்றாவது தடவைக்குப் பிறகு அவன் வீட்டுக்கு வந்தபோது இடது புருவம் இல்லை.

"என்னாங்க இது?"

"டப்புனு ஒரு சத்தம். ஒண்ணுமில்ல. சூளை முத்தம் குடுத்துச்சி."

"வெளாடாதீங்க. சாமிதுரை இருக்கப்ப இப்பிடி ஆச்சா?"

"சாமிதுரை பக்கத்துலயே போவ மாட்டாராம், அப்புறம் எப்பிடி ஆவும்? தாள்ல இருக்கிறபடிதான் செஞ்சேன், மேரி. நீ வேணா எடுத்துப் பாரு."

அவள் எடுத்துப் பார்த்தாள். இருந்தது. கருகின புருவத்தில் தேங்காயெண்ணெய் தடவிவிட்டாள். அந்த வாரம் சூளைக் கதவின் செங்கற்கள் வெடித்துச் சிதறின. ஈரச் செங்கல்லை வைத்து அடைத்திருந்தான். அதுவும் தாளில் இருந்தது. நல்லவேளையாக அப்போது எதிரில் யாரும் நிற்கவில்லை. செங்கல் சூளைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று கலீல் ரஹ்மான் அவனைத் திட்டினார்.

ஆனி மாதம் அவர் தங்கதுரையின் நாலு தாளோடு மறுபடி இன்ஸ்டிடியூட்டுக்கு வந்தார். இந்தத் தடவை ஒரே ஒரு பிரதி. கண்ணாடி போட்டு ஆபீஸில் மாட்டுவதற்கு, நல்ல தடித்த தாளில், பார்க்க லட்சணமாக.

"இது நேரா ரிப்பன்ல அடிக்கலாம் பாய்" என்றார் ஜெயராஜ். "நம்மகிட்ட ரெண்டு கலர் ரிப்பன் இருக்குது. மேல கறுப்பு, கீழ சிவப்பு. மூலத்துல எப்பிடி இருக்குதோ அப்பிடியே வந்துடும்."

"சுபானல்லா, அதைச் செய். இன்னிக்குக் காலைலதான் புதுச் சரக்கு அடுக்கி சூளைய மூட்டியிருக்கோம். நாளைக்கு வாங்கிக்கிறேன்." சொல்லிவிட்டு அவர் காரில் மங்கலம்பேட்டைக்குக் கிளம்பினார்.

மத்தியானம் ஜெயமேரி தாளை மாட்டினாள். வரிக்கு வரி நெம்புகோலைத் தட்டி நிறம் மாற்றினால் வேகம் போகும். அதனால் நீல வரிகளை மட்டும் கறுப்பில் வரிசையாக அடித்தாள், சிவப்பு வரிகளுக்கு இடம் விட்டுக்கொண்டே போனாள். முடித்த பிறகு தாளை மேலே உருட்டி, நெம்புகோலைச் சிவப்புக்குத் தள்ளினாள்.

சிவப்பு வரிகள் முதல் தடவையாகத் தனியாக அவள் முன்னால் வந்தன. ஒன்றை அடித்து, நாலு வரி தாண்டி அடுத்ததை அடித்தாள். ஈரச் செங்கல்லால் கதவை அடைத்தல். சூடு ஏறும்போது பார்வைத் துளையில் முகம் வைத்தல். எண்ணெய் சொட்டிய தரையில் பந்தத்தைக் கிடத்துதல். நேரம் இல்லையென்றால், சூடு குறையாமல் புகைக்கதவை மூடிவைத்து... அர்த்தம் பார்க்காமல் அடிக்கிற கை அங்கே நின்றது.

மூலத்தின் முதல் தாளை எடுத்தாள். தலையில் இருந்த வரியைப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள்.

கனகா திரும்பிப் பார்த்தபோது ஜெயமேரி தாளை மிஷினிலிருந்து எடுக்காமல் எழுந்து நின்றிருந்தாள்.

"என்னாக்கா?"

"அவுரு இன்னிக்குக் காலைலதான் மூட்டியிருக்காரு. சூளை இன்னும் பழுத்திருக்காது" என்றாள் ஜெயமேரி. கனகாவுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியவைக்க ஜெயமேரி முயலவும் இல்லை. பழுத்த சூளையில் எண்ணெய் விழுந்ததும் பற்றும். பழுக்காத சூளையில் அது ஆவியாகி உள்ளே நிறையும். புகைக்கதவும் மூடியிருந்தால் போக வழியில்லாமல் நின்று பந்தத்துக்குக் காத்திருக்கும். சாமிதுரை பீடி பிடித்தது எதற்கு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அப்போது தலைக்கு மேலே விசிறியின் சத்தம் மாறியது. மெதுவாகிக்கொண்டே வந்து, கடைசிச் சுற்றைச் சுற்றி நின்றது.

"போச்சுடா" என்றார் ஜெயராஜ் உள்ளேயிருந்து. "இனிமே எப்ப வருமோ."

சூளையில் போன் கிடையாது. நாலு தாளையும் பைக்குள் திணித்துக்கொண்டு ஜெயமேரி தெருவில் இறங்கினாள். கரண்டு இல்லாதவரை சூளையின் விசிறி ஓடாது. விசிறி ஓடாதவரை ஞானதாஸ் பந்தத்தைத் தொட மாட்டான், ஏனென்றால் தாளில் அப்படித்தான் இருக்கிறது. கரண்டு வராமல் இருக்கிற நேரம் முழுக்க அவன் உயிரோடு இருக்கிற நேரம். வெற்றிலைக் கடை ரேடியோ ஊமையாக இருந்தது. தையல் கடைக்காரர் விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பார்த்துக்கொண்டே போனாள்.

மாதாகோயில் முனையில் ஒரு ரிக்ஷா கிடைத்தது. "பீங்கான் சூளைக்கு. சீக்கிரம் போங்கண்ணே."

"இந்த வெயில்ல யாரும்மா சீக்கிரம் போவாங்க?" ரிக்ஷாக்காரர் மிதிக்கத் தொடங்கினார். "கரண்டு போயிடுச்சின்னா ஊரே சுருண்டு படுத்துக்குது. நாங்கதான் கரண்டு இல்லாமயே ஓடுறோம்."

"பேசாம மிதிங்கண்ணே."

"வூட்ல யாருக்காவது மேலுக்கு முடியலியா?"

"இன்னும் இல்ல" என்றாள்.

அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று மிதித்தார்.

ஊர் முடிகிற இடத்தில் ஒரு நெல் மில் இருந்தது. சாதாரணமாக அதன் இரைச்சலில் அந்தச் சாலையில் பேச முடியாது. இன்று வாசலில் பெண்கள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு சிரித்துப் பேசும் சத்தம் கேட்டது. ஜெயமேரிக்கு அந்தச் சிரிப்பு இன்னும் நீள வேண்டும் என்றிருந்தது. மில்லைத் தாண்டினார்கள். அதற்கப்புறம் இருபுறமும் செம்மண் பொட்டல். தூரத்தில் சூளைப் புகைபோக்கி தெரிந்தது. அதில் புகை இல்லை.

முதுகுக்குப் பின்னால் மில்லின் பட்டை ஒரு தடவை முனகியது. பிறகு முழு இரைச்சலோடு ஓடத் தொடங்கியது.

அவள் ஓடுகிற ரிக்ஷாவிலிருந்து குதித்தாள். விழுந்து எழுந்து ஓடினாள். அவன் பெயரைச் சொல்லிக் கத்தினாள். மில்லுக்கும் சூளைக்கும் நடுவில் இருந்த அந்தப் பொட்டலில், ரிக்ஷாக்காரருக்குக்கூட அது சரியாகக் கேட்கவில்லை. எதிரே கூரையின் கீழ் ஒரு ஆள் குனிந்து நீளமான கம்பியை எடுப்பது தெரிந்தது. அதன் நுனியில் சின்னதாக ஒரு தீ. பகல் வெளிச்சத்தில் அதன் நிறம்கூடத் தெரியவில்லை.

சத்தம் பெரிதாக இல்லை என்று ரிக்ஷாக்காரர் பிற்பாடு சொன்னார். கதவைச் சாத்தினதுபோல இருந்ததாம். கூரைத் தகரம் எழும்பி, காற்றில் யோசித்து, மெதுவாக விழுந்ததாம்.

ஞானதாஸ் பத்தடி தள்ளி மண்சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். சட்டை முன்பக்கம் இல்லை. முகமும் கைகளும் வெந்திருந்தன. இரண்டு காதிலிருந்தும் ரத்தம் கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. கண் திறந்திருந்தது. ஜெயமேரி அவன் எதிரில் வந்து குந்தியபோது அவளை அடையாளம் கண்டுகொண்டான்.

"மேரி" என்றான், பக்கத்து வயலில் இருப்பவளைக் கூப்பிடுவதுபோல உரத்து. "நீ எப்பிடி வந்த?"

அவள் பதில் சொன்னாள். அவன் அவள் வாயையே பார்த்தான். "சத்தமாச் சொல்லு" என்றான்.

நெல் மில்லிலிருந்து மங்கலம்பேட்டைக்குப் போன் போட்டுச் சொல்லி, கலீல் ரஹ்மானின் கார் திரும்பி வந்தது. அவர் சூளை இருந்த இடத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தானே ஒரு கை கொடுத்து ஞானதாஸைப் பின்சீட்டில் ஏற்றினார். "யா அல்லா, யா அல்லா" என்று வாய் சொல்லிக்கொண்டே இருந்தது. கார் பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்பியது. ஜெயமேரி அவன் தலையைத் தோளில் வாங்கிக்கொண்டாள். எங்கே தொட்டால் வலிக்காது என்று தெரியாமல் அவன் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அவசரப்பட்டிருப்பான்" என்றார் கலீல் ரஹ்மான், முன்சீட்டிலிருந்து, யாரிடமும் இல்லாமல். "தாள் இருக்குது. அத்தனையும் எழுதி ஒட்டியிருக்குது. ஒண்ணொண்ணா எழுதி ஒட்டியிருக்குது. அப்புறமும் ஒருத்தன் தப்புப் பண்ணா நான் என்னா செய்றது?"

ஞானதாஸுக்கு அது கேட்கவில்லை. ஆனால் அவனும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தான். திடீரென்று உரத்த குரலில் ஒப்பிக்கத் தொடங்கினான். "தீ அணைந்தால் எண்ணெயை அடைத்தல். அடைச்சேன், மேரி. நேரம் இல்லையென்றால் புகைக்கதவை மூடிவைத்தல். மூடுனேன். கரண்டு வந்ததும் எண்ணெயைத் திறத்தல். பந்தம் நீட்டுதல். நீட்டுனேன்." மூச்சு வாங்கியது. "இதுல எதையாவது உட்டுட்டனா?"

அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். அவன் பார்க்கவில்லை, கண்ணை மூடியிருந்தான்.

"எதையாவது உட்டுட்டனா மேரி? சொல்லு."

பை அவள் மடியில் இருந்தது. அதில் இருந்த நாலு தாள் உலகத்தில் வேறு எங்கும் இல்லை. அதை யாரிடமும் காட்டாமல் இருந்தால் தட்டச்சில் தப்பில்லை, சூளையில் தப்பில்லை. தப்பு இந்தப் பின்சீட்டில் கிடக்கிற ஆளுடையது என்று எல்லாரும் எழுதிக்கொள்வார்கள். அவன் பிழைத்தாலும் அப்படித்தான், பிழைக்காவிட்டாலும் அப்படித்தான்.

"நீங்க ஒண்ணும் உடலீங்க" என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "நான்தான் உட்டுட்டேன்."

அவன் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

முன்சீட்டில் கலீல் ரஹ்மானின் முனகல் நின்றது. அவர் உடம்பு முழுவதையும் திருப்பிப் பின்னால் பார்த்தார். முதலில் அவள் முகத்தை. பிறகு அவள் மடியை.

"என்னாம்மா சொன்ன? எதை உட்ட?"

ஞானதாஸ் தண்ணீர் கேட்டான். கொடுப்பதற்குக் காரில் தண்ணீர் இல்லை. அவன் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு, முதல் வரியிலிருந்து மறுபடி சொல்ல ஆரம்பித்தான்.